ஒதுக்கிய கனியும் உருவாகும் பொருளும்

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, கடாரங்காய் ஆகியன ஒரே குடும்பத்துக் கனிகள். அறிவியலார் இக்குடும்பத்தைச் சிட்ரஸ் என்பர். நாம் நாரத்தைக் குடும்பம் என்றே வழங்கலாம். அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும். இக்கனிகள் சந்தைக்கு வந்தவுடன் முதலில் நிகழ்வது தரம் பிரித்தலாகும். உருண்டையும் பளபளப்பும் ஒரே நிறமும் உடையவை ஒரு பக்கம் சேர்கின்றன. சிறியவை, சொறி விழுந்தவை, மிகப் பழுத்து மஞ்சளானவை, முள் கீறியவை மறுபக்கம் ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு ஒதுக்கப்பட்ட குவியலின் கதி என்ன, அதிலிருந்து மனிதர் எவ்வெப் பொருள்களை உருவாக்கியுள்ளனர், அவற்றுள் நமக்கு ஏற்பன யாவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கண் ஒதுக்குகிறது

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் பெற்ற ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் இங்கு வந்து கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் செல்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும் எலுமிச்சையின் விலை ஓராண்டுக்குள்ளேயே ஏறி இறங்கும் வேகத்தைப் பிற காய்கனிகளில் அரிதாகவே காணலாம். கோடையில் எல்லாருக்கும் எலுமிச்சை வேண்டும். அப்போது மரத்தில் காய் குறைவு. மழையை ஒட்டிய மாதங்களில் மரம் நிறையக் காய்க்கும், அப்போது கேட்பாரில்லை. பறிக்கும் கூலிக்கும் சாக்குக்கும் வண்டி வாடகைக்கும் விலை கட்டாத நாள்களில் முதல் தரக் காயே கேட்பாரற்றுப் போகிறது. அந்நாள்களில் ஒதுக்கப்பட்ட காயைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எலுமிச்சையின் தோலில் தக்கைபோன்ற பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும் சொறிநோய் ஒருவகை நுண்ணுயிரியால் வருவது. அது தோலைத்தான் கெடுக்கிறது. உள்ளேயிருக்கும் சாற்றின் புளிப்பையோ மணத்தையோ பெரிதும் குறைப்பதில்லை. மஞ்சளாகப் பழுத்த காயில் சாறு கூடுதலாகவே இருக்கும். நெடுந்தொலைவு செல்லத் தாங்காது என்பதே அதன்மேலுள்ள குற்றம். ஒதுக்கப்படும் கனிகளுட் பெரும்பாலானவை கண்ணால் ஒதுக்கப்பட்டவை. நாவால் ஒதுக்கப்பட்டவை அல்ல. பூசணம் பிடித்த கனி இக்கணக்கில் சேராது. பச்சையாகவோ நீலமாகவோ பூசணம் படர்ந்த ஒரு கனி கூடையில் இருந்தாலும் அதனை எடுத்து எருக்குழியில் இடவேண்டுமேயன்றிச் சாற்றிலோ தீவனத்திலோ சேர்க்கலாகாது.

சொல் சென்ற வழி

தமிழ்த்துறை மலரில் இச்செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் ஆரஞ்சு என வழங்கும் சொல் பிரெஞ்சு வழியே வந்தது. அதனுடன் ஒட்டிப் பிறந்தது ஸ்பானிய மொழியின் நரான்ஹா. இவற்றுக்கு மூலம் அரபியின் நாரஞ்ச். அதற்கு மூலம் பாரசீகத்தின் நாரங். அதற்கும் முன்னே வடமொழியின் நாரங்கம். வடமொழிச் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. நம் நாரத்தைக்கும் மலையாளத்தின் நாரங்ஙாவுக்கும் அச்சொல்லோடுள்ள உறவு காதாலேயே புலனாகிறது. எலுமிச்சைக்கும் இத்தகைய பயணம் ஒன்று உண்டு. லெமன், லைம் என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் அரபியின் லைமூன், பாரசீகத்தின் லீமூ ஆகியவற்றோடு தொடர்புடையன.

சொல் சென்ற வழியிலேதான் மரமும் சென்றது. அரபியர் ஆட்சிக் காலத்தில் மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவுக்கு நாரத்தையும் பெரிய எலுமிச்சையும் வந்து சேர்ந்தன. அவற்றை வளர்க்கும் நீர்ப்பாசன முறைகளும் உடன் வந்தன. சிசிலித் தோட்டங்களில் நீர் தேக்கும் தொட்டிக்கு ஜெபியா என்று பெயர். அது ஜாபியா என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஒதுக்கிய கனியிலிருந்து பொருள் செய்வதைப் பெருந்தொழிலாக வளர்த்த முதல் இடங்களுள் ஒன்றாக விளங்கியதும் இச்சிசிலியே.

சுண்ணாம்பும் கரும்பூசணமும்

1784ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் கார்ல் வில்லெம் ஷீலெ எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அவர் கண்ட வழி மிக எளியது. சாற்றைச் சூடாக்கிச் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் சிட்ரேட் என்னும் வெண்பொடி அடியிற் படியும். பொருள்கள் பலவும் வெந்நீரில் நன்கு கரைய, இப்பொடி மட்டும் தண்ணீரைவிட வெந்நீரில் குறைவாகக் கரைவதால், சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடலாம். பின்னர் அதனுடன் கந்தக அமிலம் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக விலக, சிட்ரிக் அமிலம் நீரில் தங்கும். நீரை வற்றவைத்தால் படிகம் கிடைக்கும்.

இம்முறையை இங்கிலாந்தினர் 1826ஆம் ஆண்டளவில் தொழிலாக நடத்தத் தொடங்கினர். அதற்கு வேண்டிய சாறு இத்தாலியிலிருந்து சென்றது. சாற்றைப் பீப்பாயில் ஏற்றி அனுப்புவதினும் அதனை வெண்பொடியாக்கி அனுப்புவது எளிது என்று சிசிலியர் பின்னர் உணர்ந்தனர். ஏற்றுமதிக்கு உதவாத கனிகளைப் பிழிந்து, தோலிலிருந்து மண எண்ணெயைத் தனியே எடுத்து, சாற்றை வெண்பொடியாக்கிக் கப்பலேற்றினர். (இதனை ஆங்கில நூல்கள் சிட்ரேட் ஆஃப் லைம் என்று குறிக்கும். இதிலுள்ள லைம் எலுமிச்சையன்று, சுண்ணாம்பு. மொழிபெயர்க்கும் மாணவர் கவனிக்க.) உலகுக்கு வேண்டிய சிட்ரிக் அமிலத்தின் மூலப்பொருள் ஏறத்தாழ முழுவதும் இத்தாலியின் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. விலையைக் கட்டுக்குள் வைக்க 1908ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு இதற்கென ஓர் அவையத்தையே நிறுவியது.

ஒரே நாட்டின் கையில் ஒரு பொருள் இருந்தால் பிறர் மாற்றுவழி தேடுவர். 1917ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கரி, அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூசணத்தைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அது சிட்ரிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கும் என்று நிறுவினார். 1919ஆம் ஆண்டில் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் இம்முறையைத் தொழிலாக்கியது. சில ஆண்டுகளிலேயே சிசிலியின் வெண்பொடிக்கு மதிப்புப் போயிற்று. இன்று கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் பொருளுக்கு எலுமிச்சையோடு பெயரளவிலன்றித் தொடர்பில்லை. அது பூசணம் சர்க்கரையிலிருந்து ஆக்கித் தந்தது.

நம் பாடநூல்கள் சிலவற்றில் எலுமிச்சைக் கழிவின் பயன்கள் என்ற தலைப்பின்கீழ்ச் சிட்ரிக் அமிலம் இன்றும் முதலிடம் பெறுவதைக் காண்கிறோம். கணக்கைப் பார்ப்போம். நூறு கிலோ எலுமிச்சையில் ஏறத்தாழ நாற்பது கிலோ சாறு. சாற்றில் அமிலம் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பங்கு. ஆக, ஒரு சொட்டும் வீணாகாமல் எடுத்தாலும் இரண்டரை கிலோவைச் சற்றே தாண்டும். பூசண முறையில் மலிவாகக் குவியும் பொருளோடு அந்த இரண்டரை கிலோ போட்டியிட இயலாது. ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்க ஷீலெயின் முறை மிக நன்று. தொழிலாகத் தொடங்க எண்ணுபவர்க்கு அவ்வழி அடைபட்டுவிட்டது.

கலிபோர்னியாவின் இரு முகங்கள்

சிசிலியில் ஒதுக்கிய கனியை வாங்கியவர் வணிகர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாங்கியவர் விளைவித்தோரே. அங்குள்ள பழ விவசாயிகள் 1893ஆம் ஆண்டிலேயே கூட்டுறவு அமைப்பாகத் திரண்டனர். சன்கிஸ்ட் என்ற வணிகப்பெயர் இவ்வமைப்பினுடையதுதான். 1915ஆம் ஆண்டில் கரோனா என்னும் ஊரில் எலுமிச்சைக் கழிவுக்கென இவர்கள் ஓர் ஆலை தொடங்கினர். சிட்ரிக் அமிலம், தோல் எண்ணெய், பெக்டின் முதலியன அங்கு உருவாயின. அமிலத்தின் விலை வீழ்ந்தபோதும் ஆலை வீழவில்லை. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் வண்ணம் ஒரே கனியிலிருந்து பல பொருள் எடுத்தமை அதனைக் காத்தது. 1982ஆம் ஆண்டு வரை அது நடந்தது.

ஆலைக்கு முன்னரே நிகழ்ந்த ஒரு பணியை நாம் அதனினும் மேலாக மதிக்கிறோம். கிழக்கு நகரங்களுக்கு இரயிலில் அனுப்பிய ஆரஞ்சு வழியிலேயே அழுகியது ஏன் என்று ஹெரால்டு பவல் என்ற அரசு ஆய்வாளர் 1904ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார். இரயிலின் மீதும் வெப்பத்தின் மீதும் அனைவரும் குறை கூறிக்கொண்டிருக்க, பழி பறிப்பவர் கையில் இருப்பதை அவர் கண்டார். கத்தரியின் நுனி பட்ட சிறு கீறல், நகம் பட்ட தடம், நீளமாக விட்ட காம்பு பக்கத்துக் கனியில் குத்திய துளை ஆகியவற்றின் வழியாகவே பூசணம் உட்புகுகிறது. கீறலில்லாத தோலை அது பெரும்பாலும் துளைப்பதில்லை. மெதுவாகப் பறித்தல், காம்பை ஒட்டி வெட்டுதல், கையுறை அணிதல் ஆகிய எளிய பழக்கங்களால் அழுகல் பெருமளவு குறைந்தது. நம் தோட்டங்களில் கோலால் தட்டி உதிர்த்த காயையும், தரையில் குவித்து மிதிபட்ட காயையும் எண்ணிப் பார்க்கும்போது, ஒதுக்கிய கனிக்குப் பயன் தேடுமுன் ஒதுக்க நேராமல் காப்பதே மலிவான வழி என்பது தெளிவாகிறது.

ஆலையும் ஆய்வும் இருந்தும் கலிபோர்னியாவுக்கு மற்றொரு முகமும் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் விலையைத் தாங்கிப் பிடிக்கும் பொருட்டு விளைந்த பொருளை அழித்த கொடுமையும் அங்கு நடந்தது. ஜான் ஸ்டைன்பெக் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் நாவலில், பசித்தோர் எடுத்துவிடாதபடி குவிந்த ஆரஞ்சுகளின்மேல் மண்ணெண்ணெய் தெளிக்கப்படும் காட்சி வருகிறது. அந்நாவலைப் படித்தவர் அப்பகுதியை மறத்தல் அரிது. பெக்டின் எடுக்கத் தெரிந்த ஊரில் பசிக்குக் கனி கொடுக்கத் தெரியவில்லை. ஒதுக்கிய கனி பயன்படுவதற்கு வேதியியல் அறிவு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் கடுமையான சான்று எமக்குக் கிட்டவில்லை.

தோலில் இருப்பவை

சாறு போனபின் எஞ்சும் தோலும் சக்கையும் கனியின் எடையில் பாதிக்கு மேல். நகரத்துப் பழச்சாற்றுக் கடைகளின் பின்புறம் மாலைதோறும் குவியும் சாத்துக்குடித் தோலைப் பார்த்தோர் இதனை அறிவர். அதில் உள்ளவற்றுள் மூன்று கருதத்தக்கவை.

முதலாவது எண்ணெய். தோலின் மேற்புறத்தில் காணும் நுண்பைகளில் இது அடங்கியுள்ளது. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற பொருள். எலுமிச்சையில் ஏறத்தாழப் பாதி. பிசுக்கையும் பசையையும் கரைக்கும் ஆற்றல் லிமோனீனுக்கு உண்டு. ஊதிய பலூன்மேல் ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கித் தெளித்தால் பலூன் வெடித்துவிடும். வகுப்பறையில் செய்து காட்டத் தக்கது. எலுமிச்சை எண்ணெயை இருவகையாக எடுப்பர். சூடின்றிப் பிழிந்தெடுப்பது ஒன்று. நசுக்கிய முழுக்காயைச் சாற்றோடு நீராவியில் வடிப்பது மற்றொன்று. இரண்டாம் முறையில் சாற்றின் புளிப்பும் சூடும் சேர்ந்து மணத்தையே மாற்றிவிடுகின்றன. அம்மாறிய மணம்தான் கோலா பானங்களுக்கு வேண்டப்படுவது. இம்முறைக்குக் காயின் அழகு ஒரு பொருட்டன்று. ஆயின் நூறு கிலோ காயிலிருந்து கிடைப்பது சில நூறு கிராமே. சூடின்றிப் பிழிந்த எண்ணெயில் வெயிலுடன் சேர்ந்து தோலைப் புண்ணாக்கும் பொருள்கள் உள்ளன. அழகுக்கென எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் செல்வோர் இதனை அறிதல் நலம்.

இரண்டாவது பெக்டின். தோலின் உட்புறத்து வெண்பகுதியில் இது நிறைந்துள்ளது. உலர்ந்த தோலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பெறலாம். 1825ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிரக்கோனோ இதற்கு, உறைதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். பழக்கூழ் உறைவது இதனால்தான். சர்க்கரை நூற்றுக்கு அறுபத்தைந்து பங்களவும் தக்க புளிப்பும் சேர்ந்தால் இது வலைபோல் பின்னி நீரைப் பிடித்துக்கொள்ளும். எடுக்கும் முறை இது: தோலைக் கழுவி, நீர்த்த அமிலத்தில் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் சூடாக்கி, வடிகட்டி, வடிநீரில் சாராவி சேர்த்தால் பெக்டின் இழையிழையாகத் திரளும். இங்கே காலம் மிக முக்கியம். ஈரத்தோலில் உள்ள நொதி ஒன்று பெக்டினின் உறையும் ஆற்றலை மணிக்கணக்கில் குறைத்துவிடும். எனவே பிழிந்தவுடனே தோலை வெந்நீரிலிட்டு நொதியை அடக்கி உலர்த்துதல் வேண்டும். மாலைவரை சாக்கில் கிடந்த தோல் பெக்டினுக்கு உதவாது.

அந்நொதியையே வேலைக்காரனாக்கியவர் ஃபுளோரிடா மாநிலத்தார். தோலில் ஐந்தில் நான்கு பங்கு நீர், பெக்டின் அதனைப் பிடித்து வைத்திருப்பதால் எவ்வளவு பிழிந்தாலும் நீர் வாராது, வழவழப்புத்தான் மிஞ்சும். 1930களில், நறுக்கிய தோலுடன் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவான சுண்ணாம்பைக் கலந்தனர். நொதியும் சுண்ணாம்பும் சேர்ந்து பெக்டினின் பிடியைத் தளர்த்த, நீர் கொட்டியது. பிழிந்து உலர்த்திய சக்கை மாட்டுத் தீவனமாயிற்று; பிழிந்த நீரை வற்றவைத்துப் பாகாக்கினர்; வற்றும்போது எழுந்த ஆவியில் லிமோனீன் கிடைத்தது. ஷீலெயின் கையில் அமிலத்தைப் பிரித்த அதே சுண்ணாம்பு இங்கே நீரைப் பிரிக்கிறது.

நம் சமையலறையும் வளைகுடாவும்

நம் முன்னோர் இக்கழிவுச் சிக்கலைப் பெயரிட்டு ஆராயவில்லை. ஆயினும் உப்பாலும் வெயிலாலும் தீர்த்திருந்தனர். அப்படியே உண்ண முடியாத நாரத்தையும் கடாரங்காயும் ஊறுகாயாகி ஆண்டுக்கணக்கில் இருந்தன. வேப்பிலைக் கட்டி எனப்படும் பண்டத்தில் வேப்பிலை இல்லை. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையுமே உள்ளன. மரத்தில் காயேயன்றி இலையும் வீணாகவில்லை. சாறு பிழிந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பது ஏன் என்பதற்கு, லிமோனின் என்னும் கசப்புப் பொருள் புளிப்புடன் சேர்ந்து மெல்ல உருவாகிறது என்று இன்று விளக்குகிறோம்; விதையையும் தோலையும் சாற்றோடு சேர்த்து நசுக்காதே என்று பாட்டிமார் அன்றே சொல்லி வைத்தனர்.

சாற்றைச் சர்பத்தாக்கி விற்பது பலர் செய்யும் தொழில். ஸ்குவாஷ் எனப் பெயரிட்டு விற்கப்படுவதில் கனிச்சாறு நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்குக் குறையக்கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். 1950ஆம் ஆண்டு முதல் மைசூரில் இயங்கும் மைய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய தொழில்நுட்பங்களைக் கற்பித்து வருகிறது. தோலுடன் வெல்லமும் நீரும் சேர்த்து மூன்று மாதம் நொதிக்க வைத்த நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்துவதும் இப்போது பரவியுள்ளது. அதற்குக் கூறப்படும் நூறு பயன்களையும் நாம் ஏற்கவில்லை; தரை தூய்மையாவது உண்மை. (முதல் வாரங்களில் மூடியை அன்றாடம் திறவாவிடில் கலம் வெடிக்கும்.)

எம் கருத்தில் நம் மக்கள் இன்னும் போதிய அளவு எண்ணிப் பாராத ஒரு பொருள் உண்டு. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து வந்தோர் அங்குள்ள கடைகளில் கருத்து, சுருங்கி, கல்லைப்போல் இலேசாகத் தட்டினால் ஒலிக்கும் உலர்ந்த எலுமிச்சையைப் பார்த்திருப்பர். அதன் பெயர் லூமி. ஈராக்கில் அதனை நூமி பஸ்ரா என்பர். பஸ்ரா துறைமுகம் வழியே வந்ததால் அப்பெயர். உப்பு நீரில் சற்றே கொதிக்கவைத்த எலுமிச்சையை வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தினால் லூமி ஆகிவிடும். கறியிலும் சோற்றிலும் சாயா போன்ற பானத்திலும் அதன் புளிப்பும் புகைமணமும் சேர்க்கப்படுகின்றன. இதற்கு ஆலை வேண்டாம், சாராவி வேண்டாம், நீராவி வடிகலம் வேண்டாம். சிறுத்ததும் மஞ்சளானதுமான காயே போதும். உப்பும் வெயிலும் நம் தென்மாவட்டங்களில் தாராளம். தடை ஒன்றுண்டு: எலுமிச்சை மலிந்து கிடக்கும் மாதங்கள் மழையை ஒட்டியவை. மேலே மூடி காற்றோட்டம் உள்ள சூரிய உலர்த்தி இல்லாமல் அம்மாதங்களில் உலர்த்தினால் காய் கருக்குமுன் பூசணம் பிடிக்கும். தோலோடு உண்ணப்படும் பொருளாதலால் சொறிநோய்க்குத் தெளித்த மருந்தின் எச்சத்தையும் சோதித்தல் வேண்டும்.

உலர்த்தியை யார் வாங்குவது என்பதில்தான் கரோனாவின் அனுபவம் உதவுகிறது. தனியொரு விவசாயியிடம் ஒதுக்கிய காய் சில நாள்களுக்கே சேரும்; ஆலைக்கோ அன்றாடம் காய் வேண்டும். கமிஷன் மண்டியிடம் உலர்த்தி இருந்தால் விலை மண்டியின் விருப்பம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டோர் தம் காயைத் தாமே எடைபோட்டு, ஒதுக்கியதற்கும் முன்னரே ஒரு விலை பேசி வைத்துக்கொண்டால், பறிப்பதா மரத்திலேயே விடுவதா என்ற கேள்விக்கு வேறு விடை கிடைக்கும்.

கல்லூரி செய்யத்தக்க பணியும் இதில் உண்டு. ஒரு கிலோ ஒதுக்கிய எலுமிச்சையில் சாறு எவ்வளவு, தோல் எவ்வளவு, உலர்ந்தால் எவ்வளவு, எத்தனை வெயில் நாள் பிடிக்கும் என்பன மாதத்துக்கு மாதம் மாறுவன. பிற நாட்டு நூல்களின் எண்கள் நம் காய்க்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஒரு தராசு, ஒரு வடிகட்டி, மொட்டை மாடியில் ஓர் உலர்த்தி, ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு வேதியியல் துறையும் தாவரவியல் துறையும் சேர்ந்தால் ஆடி முதல் அடுத்த ஆனி வரையிலான கணக்கை எழுதிவிடலாம். அதனைத் தோட்டக்காரர் படித்துணரும் தமிழில் அச்சிட்டுச் சந்தையில் கொடுக்கும் பொறுப்பை நம் தமிழ்த்துறை ஏற்கும்.